சிவன் கண் கூடை

பொருளுக்குத் தகுந்த பையை எல்லாரும் வாங்குவார்கள். தெருவுக்குத் தகுந்த பையை வாங்கிய ஒருத்தியை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அவளை மாமி என்றார்கள், நானும் மாமி என்றேன். வயது அப்படியொன்றும் இல்லை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கூட இருக்கும். மயிலாப்பூரில் கல்யாணமாகி மூன்று வருஷம் ஒரே தெருவில் குடியிருந்தால் மாமிப் பட்டம் தானாக வந்துவிடும். அதற்குத் தேர்வு கிடையாது.

மாமியின் தொழில், வீட்டுக்கே வந்து கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களைப் படம் எடுப்பது. அறுபதுகளின் கடைசியில் அது ஒரு பெரிய சேவை. பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டிக் காலை பத்து மணிக்கு லஸ் முனை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போவதும், தெருவில் தமுக்கடித்துச் சொல்வதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். மத்தியானத்துக்குள் நாலு பேர் வந்து, "வரன் எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அந்த வரன் தட்டிப்போனால் அதே நாலு பேர் வந்து, "என்ன ஆச்சு?" என்பார்கள். அடுத்த வருஷம் இன்னொரு படம் எடுக்கப் போனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதுதான் மோசம். இரண்டாம் முறை போட்டோ எடுத்த பெண் என்பது ஒரு பட்டம். எந்தப் பல்கலைக்கழகமும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது.

ஆகையால் கேமரா வீட்டுக்குள் வரவேண்டும், வந்தது தெருவுக்குத் தெரியக்கூடாது. மாமியின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த இரண்டாவது பாதியில்தான் இருந்தது. படம் எடுப்பதை வேறு யாராவதுகூட அவளைவிட நன்றாகச் செய்திருக்கலாம்.

கேமரா அவள் கணவருடையது. வங்கியில் வேலை. கப்பலில் வந்த யாரிடமோ வாங்கி, இரண்டு தீபாவளி படம் எடுத்துவிட்டு அலுத்துப்போனவர். மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பெட்டி அது. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வயிற்றோடு வைத்துக்கொண்டு மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் எதிரில் இருப்பவர் கண்ணாடியில் தெரிவார். குனிந்து பார்க்கும் கேமரா என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும். பின்னால் வேண்டியிருக்கும்.

கேமராவோடு வந்த தோல் உறையும் தோல் வாரும் மாமி வீட்டுப் பரணில் கிடந்தன. "அதுக்கு வாய் நீளம்டீ" என்பாள். "தோள்ல மாட்டிண்டு படியிறங்கினா, எதிராத்து மாமி கேக்கறதுக்கு முன்னாடி அதுவே பதில் சொல்லிடும்." தோல் வாருக்கு இன்னும் இரண்டு குற்றங்கள் உண்டு. நடக்கும்போது கிறீச்சிடும். ரவிக்கையின் தோளில் அழுத்திக் கோடு போடும், அந்தக் கோட்டைப் பார்த்தே உள்ளே கனமான சாமான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதனால் பழைய ஒன்பது கஜப் புடவையின் கரையைக் கிழித்து, மூன்றாக மடித்து, மிஷினில் நாலைந்து ஓட்டு ஓட்டி, நாலு விரல் அகலத்துக்கு ஒரு வார் செய்து வைத்திருந்தாள். அகலமான வார் தோளை வெட்டாது, பாரம் பரவி நிற்கும். அன்றைக்குக் கட்டும் புடவையின் நிறத்துக்கு ஒத்துப்போவது போல அரக்கில் ஒன்று, பச்சையில் ஒன்று. தலைப்புக்கு அடியில் விட்டுக்கொண்டால் வார் எது, கரை எது என்று கட்டியவளுக்கே தெரியாது.

பைகள் தனி. மயிலாப்பூர் வீடுகளுக்கு அர்ச்சனைக் கூடை. மேலே தேங்காய், வெற்றிலை, கொஞ்சம் கதம்பம். கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்ததாகக் கணக்கு. தி.நகரில் ஜவுளிக்கடைத் துணிப்பை, உள்ளே மேலாக இரண்டு ரவிக்கைத் துண்டுகள். அடையாறுக்கு பிளாஸ்க்கும் சம்புடமும் வைத்த ஆஸ்பத்திரிப் பை. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு நடுவில் தோட்டம், பார்க்க ஆள் கிடையாது. இருந்தாலும், "தோட்டக்காரன் இருப்பான். அவன் ஒருத்தன் போறும், எல்லா ஆத்துக்கும் அவன்தானே தண்ணி விடறான்" என்பாள் மாமி.

மூடிய பையை அவள் நம்பவில்லை. "மூடின பையைத்தான்டீ எட்டிப் பாப்பா. வாயைத் தொறந்து வெச்சுண்டு மேல ரெண்டு கத்தரிக்காயைப் போட்டு வை. ஒருத்தி திரும்ப மாட்டா."

என் உத்தியோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். ஒரு தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டும், எது இல்லாவிட்டால் எங்கே நின்றுவிடும் என்பது சேர்ந்த ஆறு மாதத்தில் எனக்குப் பாடமாகிவிட்டது. மற்றவர்களுக்கு அது சலிப்பு. எனக்கு சங்கீதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியோடு இரண்டாவது பையைத் தூக்கிக்கொண்டு போனதும் ஒருவகையில் அந்த ருசியால்தான். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விதி இருந்தது.

நான் போவதற்கும் ஒரு விதிதான் காரணம். "தனியாப் போனா சோப்பு விக்கறவ. ரெண்டு பேராப் போனா உறவுக்காரா." இரண்டாவது பையில் பிளாஷ் பல்புகளும் பின்னால் தொங்கவிட ஒரு வெள்ளைப் போர்வையும் இருக்கும். பல்பு உடைந்துவிடுமே என்று நான் அடிமேல் அடி வைத்து நடப்பேன். கோயில் குளத்துக்கு மேற்கே ஒருநாள் நிறுத்தித் திட்டினாள்.

"ஏண்டீ இப்படி நடக்கறே? பாக்கறவாளுக்கு முட்டை வாங்கிண்டு போறமாதிரி இருக்கு. பொண்ணுக்குப் படம் எடுக்கறதை மறைக்கப் போய், நம்மாத்துப் பொண்ணு முட்டை வாங்கறான்னு ஒண்ணு கெளம்பிடப் போறது."

சிரித்துச் சிரித்துப் பை ஆடியது. அன்று ஒரு பல்பு உடைந்ததாக ஞாபகம்.

பாண்டி பஜாரில் அவள் பை வாங்குவதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். நடைபாதையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பைகளில் ஒன்றை இறக்கச் சொல்வாள். முதலில் தலைகீழாகப் பிடித்து உதறுவாள். பிறகு உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவுவாள். பிசிறு இருந்தால் வேண்டாம், பஞ்சும் நூலும் லென்ஸில் போய் ஒட்டும். தரையில் வைத்து, உட்காருகிறதா சாய்கிறதா என்று பார்ப்பாள். உள்ளே தன் பூட்டையும் சாவிக்கொத்தையும் போட்டு, "டொக்" என்று சத்தம் வருகிறதா என்று கேட்பாள். கடைசியாக ஜிப்பைக் காதோரம் வைத்து மெதுவாக இழுப்பாள்.

கடைக்காரன் பொறுமையாகத்தான் இருந்தான். ஜிப் வரைக்கும் தாங்கவில்லை.

"இன்னாமா, ஜிப்பு கிட்ட ரகசியம் கேக்கறியா? சோக்கா கீது, எட்த்துக்கினு போவியா!"

"கத்தறதேப்பா இது."

"ஜிப்புன்னா கத்தாம பாடுமா? நானும் பாத்துக்கினு கீறேன். தூக்கிப் பாக்கறே, தடவிப் பாக்கறே, ஒக்கார வெச்சிப் பாக்கறே. நீ பை வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்ப்பா" என்றாள் மாமி. "ரெண்டுலயும் கொறையை வாங்கினப்பறம்தான் சொல்லுவா."

அவன் சிரித்துவிட்டு விலையைக் குறைத்தான். மாமி அந்தப் பையை வாங்கவில்லை.

அவள் விதிகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தி.நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணால் கண்டேன். தெற்கிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். கூடத்தில் போர்வையைத் தொங்கவிட்டாயிற்று. பெண் கனகாம்பரமும் நெற்றிச்சுட்டியுமாக நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. வாசல் கதவு வெறுமே சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போட மறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் உழக்கோடு நேரே உள்ளே வந்துவிட்டாள்.

"மதினி, கொஞ்சம் உளுந்து இருக்குமா? அட, என்ன இது, புள்ளைக்கு இம்புட்டு அலங்காரம்? யாரு இவுக?"

பெண்ணின் தாயாருக்கு முகத்தில் ரத்தம் இல்லை. நான் போர்வையை இழுத்தேன். மாமி பதறவே இல்லை. கேமரா துணிப்பைக்குள் எப்போது போனது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. அவள் கையில் ஒரு ரவிக்கைத் துண்டு இருந்தது. அதைப் பெண்ணின் தோளில் விரித்துப் போட்டாள்.

"பாத்தேளா, பட்டுக்கு மேல போட்டுப் பாத்தாத்தான் நிறம் தெரியும்னு சொன்னேனே. நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கறேளா மாமி? உங்க நிறத்துக்கு இந்த மயில்கழுத்து தூக்கிக் குடுக்கும்."

பக்கத்து வீட்டு அம்மாள் மயில்கழுத்தில் ஒன்றும் மாம்பழ மஞ்சளில் ஒன்றும் வாங்கிக்கொண்டு, உளுந்தை மறந்துவிட்டுப் போனாள். திரும்பும் வழியில் மாமிக்கு ஒரே வருத்தம். அடுத்த ஞாயிறுக்குள் வேறு ரவிக்கைத் துண்டுகள் வாங்கியாக வேண்டும்.

படம் எடுப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பெண்ணைச் சிரிக்கச் சொல்லமாட்டாள். ஒரு கதை சொல்வாள். கும்பகோணத்தில் ஒரு பந்தியில் பாயசத்துக்குள் பல்செட்டை விழவிட்ட சம்பந்தியின் கதை. எந்தப் பெண்ணும் இதற்குச் சிரிக்காமல் இருந்ததில்லை. சிரிக்கும்போது மாமி சும்மா இருப்பாள். "சிரிக்கறப்போ எடுத்தா பல்லுதான் வரும். சிரிச்சு முடிச்சு, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு பாரு, அப்போ எடுக்கணும். பொண்ணு அப்போதான் தன்னை மறந்திருப்பா." சிரிப்பு வடியும் அந்த நொடியில் ஷட்டர் விழும். பல்லி 'ச்சு' கொட்டுவதைவிடச் சின்னச் சத்தம்.

இப்போது என் விஷயம்.

எங்கள் வீட்டில் எனக்கும் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அதில் விரோதம் இல்லை, அவசரம்தான் இல்லை. எங்கள் இலாகாவில் ஒரு தேர்வு உண்டு. இரண்டு பாகம். அதில் தேறினால் மேற்பார்வையாளர் வரிசையில் ஏறலாம், தேறாவிட்டால் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டே தலை நரைக்கலாம். பெண்கள் யாரும் எங்கள் பிரிவில் அதுவரை தேறியதில்லை. நான் முதல் பாகம் முடித்திருந்தேன். இரண்டாம் பாகத்துக்கு ஒன்றரை வருஷம் கையில் வேண்டும். கல்யாணமாகி வேறு ஊர் போனால் எல்லாம் போயிற்று.

வேண்டாம் என்று நேராகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா அழுதாள். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடித்தார். ஆகையால் விதிமுறைக்குப் போனேன். கல்யாணக் கோப்புக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஜாதகம், பொருந்தினால் படம், படம் பிடித்தால் பெண் பார்ப்பது. ஜாதகத்தை என்னால் தடுக்க முடியாது, அது நான் பிறந்த அன்றே தயார். பெண் பார்க்க வந்துவிட்டால் மறுப்பது அவமானம். நடுவில் இருக்கும் படம் ஒன்றுதான் என் கையெழுத்து இல்லாமல் நகராத தாள். அதில் நின்றேன். தேர்வு முடியும்வரை படம் எடுத்துக்கொள்ளமாட்டேன், ஸ்டூடியோவிலும் சரி வீட்டிலும் சரி, என்றேன்.

மாமி அப்போது எங்கள் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைச் சாட்சிக்கு அழைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கோ. ஊர்ப் பொண்ணுக்கெல்லாம் பை தூக்கிண்டு போறா. தனக்குன்னா வேண்டாமாம்."

மாமி டபராவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அவ சொல்றதுல என்ன தப்பு? பரீட்சை எழுதட்டுமே. மனசில்லாத மூஞ்சியைப் படம் எடுத்தா பாஸ்போர்ட்டுக்குத்தான் ஆகும்."

அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள் என்ற தூக்கம்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் பிளாஸ்டிக் ஒயர் கூடை பின்னினார்கள். நானும் பின்னுவேன், கணக்குப் பாடத்துக்கு நடுவில் கைக்கு ஓய்வாக. மாமி ஒருநாள் பச்சையும் வெள்ளையுமாக ஒயர்க் கட்டுகளை வாங்கிவந்து என் மடியில் போட்டாள்.

"எனக்கு ஒரு சிவன் கண் கூடை போட்டுத் தாடீ. காய்கறிக்கு."

சிவன் கண் என்பது முடிச்சின் பெயர். சாதா முடிச்சு சோளமணி மாதிரி வரிசையாக இருக்கும். சிவன் கண்ணில் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி இமைபோல ஒயரும் வரும். போடக் கஷ்டம். நான் நன்றாகப் போடுவேன் என்று தெருவில் பெயர்.

பாதி வளர்ந்த பிறகு மாமி வந்து பார்த்தாள். ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்க ஒரு நாலைஞ்சு முடிச்சை விட்டுடேன். ஒரு ஜன்னலாட்டம்" என்றாள்.

"எதுக்கு மாமி? அழகு கெட்டுப்போயிடும்."

"கறிவேப்பிலை மூச்சு விட வேண்டாமா?"

விட்டேன். ஓரம் பிரியாமலிருக்க ஜன்னலைச் சுற்றிச் சின்னச் சின்னதாக முடிச்சுப் போட்டு மடித்தேன். எனக்கு இடது கை கொஞ்சம் இறுக்கம். இடது ஓரத்து முடிச்சுகள் எப்போதும் உள்ளே தள்ளி நிற்கும். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் அதற்காக மதிப்பெண் குறைத்திருக்கிறாள். கைப்பிடி நீளத்தையும் மாமியே அளந்து சொன்னாள். தோளில் மாட்டுகிற நீளம் வேண்டாம், முழங்கையில் கோத்தால் இடுப்புக்கு நேராக நிற்க வேண்டும். காய்கறிக் கூடைக்கு இவ்வளவு அளவா என்று எனக்குத் தோன்றவில்லை. மாமிக்கு எல்லாவற்றுக்கும்தான் அளவு.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கூடையும் கையுமாக வருவாள். எனக்கு வெள்ளியன்று எண்ணெய்க் குளியல், சாயங்காலம் மாடிப்படிக்குப் பக்கத்து வராந்தாவில் தலை ஆற்றிக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். "அங்கேயே உக்காரு, வெளிச்சம் கண்ணைக் குத்தாது" என்பாள். தான் எதிரே கைப்பிடிச் சுவரில் கூடையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்பாள். குனிந்து கூடைக்குள் எதையோ துழாவிக்கொண்டே பேசுவாள். கீரை மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கும். சாவி என்பாள், கர்சீப் என்பாள், சில்லறை என்பாள். எதுவும் கிடைத்ததாக ஞாபகம் இல்லை. அந்தப் பருவத்தில் அவளுக்கு ஒரு இருமலும் வந்திருந்தது. வராந்தாவுக்கு வந்தால் ஒரே ஒரு முறை இருமுவாள். நான் எழுந்துபோய் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்து கொடுப்பேன். ருசித்துக் குடிப்பாள்.

எத்தனையோ வீடுகளின் வாசலில் அர்ச்சனைக் கூடையைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்கா?" என்று கேட்டவர்களைக் கண்டு உள்ளுக்குள் சிரித்தவள் நான். வராந்தாவில் கீரைக் கூடையைப் பார்த்து, "என்ன கீரை மாமி?" என்று கேட்டேன்.

"சிறுகீரை" என்றாள்.

தேர்வுக்கு நாலைந்து மாதம் இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை அரக்குப் பட்டுக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். சொந்தக்காரர்கள் வருகிறார்களாம். கேசரி கிளறியிருந்தாள். சொந்தக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் கேசரி கிளறும் வழக்கம் இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. படம் போகாமல் பெண் பார்க்க வரமுடியாது. விதி என் பக்கம் இருந்தது.

வந்தவர்கள் நாலு பேர். ஒரு பெரியவர், அவர் மனைவி, கல்யாணமான ஒரு பெண், கண்ணாடி போட்ட ஒரு இளைஞர். நமஸ்காரம் பண்ணி எழுந்ததும் அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தாள். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"படத்துல நிறம் இன்னும் ஒரு மாத்துக் கூடத்தான். ஆனா பொய் இல்லை, அதே கொழந்தைதான்" என்றாள்.

பெரியவர் படத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அதென்ன ஓரமெல்லாம் கட்டம் கட்டமா? ஜன்னல் வழியா எடுத்தாளா?"

"இப்பல்லாம் அப்படித்தான் மாமா. அது ஒரு பாஷன்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

படம் கைமாறி அந்தக் கல்யாணமான பெண்ணிடம் வந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஈரத் தலை, மடியில் புத்தகம், முகத்தில் சிரிப்பு வடிந்துகொண்டிருக்கிறது. பாயசத்தில் பல்செட் விழுந்த கதையை ஒரு வெள்ளிக்கிழமை வராந்தாவில் எனக்கும் சொல்லியிருந்தாள் மாமி. அதைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்பாகக் கலங்கிய சட்டம். இடது ஓரத்தில் அது கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது.

தையல் டீச்சருக்குப் பிறகு அந்த முடிச்சை அடையாளம் கண்டது நான்தான்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பையனுக்கு வடக்கே வேலை. தை மாதம் கல்யாணம் என்றார்கள். அவர்கள் படியிறங்கியதும் நான் அம்மாவிடம் மாட்டேன் என்றேன். அம்மா அன்று அழவில்லை. "பொண்ணைப் பாத்து, பிடிச்சுப்போய், இவா வேண்டாம்னுட்டான்னு வெளில போனா, உனக்குக் கீழ ஒருத்தி இருக்காளே, அவளை யார் பாக்க வருவா?" என்றாள். தங்கை சமையலறை வாசலில் நின்று கேசரி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. நான் வகுத்த விதிதான் அது. பெண் பார்க்க வந்துவிட்டால் மறுப்பது அவமானம்.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மாமி வீட்டுக்குப் போனேன். மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் மறைக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை.

"வா. நன்னாப் போச்சாமே. உங்கம்மா சொன்னா."

"நான் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குத் தெரியுமே மாமி."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட கேக்கலை."

"என் பக்கம் பேசினேளே. அன்னிக்கு, எங்காத்துலயே."

"மனசில்லாத மூஞ்சியைப் படம் எடுக்கப்படாதுன்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன். நீ படத்துல எவ்வளவு மனசோட இருக்கே பாரு." துணியை உதறி மடித்தாள். "நல்ல வரன்டீ. பெத்தவ வந்து கையைப் பிடிச்சுண்டு அழறா. நான் யாருக்குப் பதில் சொல்ல? நீ பரீட்சை பரீட்சைன்னு சொல்லிண்டு நாளைக்கு ஒத்தையா நின்னா, அப்பவும் அந்த மாமி கெட்டிக்காரியா இருந்தும் ஒண்ணும் பண்ணலையேன்னு என்னைத்தான் சொல்லுவா."

"இன்னும் நாலைஞ்சு மாசம்தானே பாக்கி இருந்தது."

கேமராவின் மேல் மூடியை அழுத்திச் சாத்தினாள். "நான் எடுத்ததுலயே அதுதான்டீ நல்ல படம். மத்த பொண்களுக்கெல்லாம் நான் கேமராவைப் புடிச்சுண்டிருக்கேன்னு தெரியும். எவ்வளவு கதை சொன்னாலும் ஒரு நூல் இறுக்கம் இருக்கும். உனக்கு மட்டும்தான் இல்லை."

அவள் குரலில் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"என் கூடையைக் குடுங்கோ" என்றேன்.

எழுந்து போய் எடுத்துவந்தாள். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். அடியில் சத்தம் வராமலிருக்க மடித்துப் போட்ட கோணித் துண்டு. கேமரா ஆடாமலிருக்கப் பக்கவாட்டில் செருகிய துணிச் சுருள். நீலப் பூப்போட்ட மெல்லிய வாயில் துணி. என் பழைய தாவணி. பிசிறில்லாத, பலமுறை துவைத்து மெத்தென்றான துணிதான் லென்ஸுக்கு நல்லது என்று அவள் சொல்வாள். அது அம்மாவின் பெட்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்த பையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று முதல் நாளே சொல்லித்தான் இருந்தாள். அவளைப்போல வாயைத் திறந்து பேசுகிறவளை நான் அந்தத் தெருவில் வேறு பார்த்ததில்லை.

கூடை எங்கள் வீட்டிலேயே தங்கியது. பின்னால் அம்மா அதை வெகுகாலம் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனாள். அந்த ஜன்னலால் கறிவேப்பிலைக்கு ஒரு நன்மையும் இல்லை. மற்றக் கூடைகளில் வாடுவதைப்போலவே வாடியது.

தேர்வு நடந்த நாட்களில் நான் வடக்கே ஒரு ரயில்வே காலனியில் சப்பாத்தி மாவு பிசையக் கற்றுக்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கே வேலையை மாற்றித்தரக் கேட்டு விண்ணப்பம் போட்டேன். எங்கள் இலாகாவில் அதற்கு ஒரு விதி உண்டு. சொந்த விருப்பத்தின்பேரில் மாற்றல் கேட்பவர், புதிய அலுவலகத்தில் கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். முந்தைய வருஷங்கள் வரிசையில் சேராது. 'என் சொந்த விருப்பத்தின்பேரில்' என்ற சொற்களை என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டாம் பாகத்தை வெகு வருஷங்கள் கழித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு நடுவில் எழுதித் தேறினேன். என்னோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு படி கீழே ஓய்வு பெற்றேன். என் கணவர் நல்ல மனிதர். அவரைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இருந்ததில்லை. அது வேறு கோப்பு.

கல்யாணத்துக்கு மாமி வந்தாள். அம்மா அவளைத்தான் படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். மறைக்க எதுவும் இல்லாத வேலை. அவள் அன்று பரணிலிருந்து தோல் உறையை இறக்கி, எண்ணெய் போட்டு மெருகேற்றி, தோல் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். நடக்கும்போது கிறீச் கிறீச் என்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதை விரும்பியதாகத்தான் தோன்றியது.

அந்த ஆல்பம் இப்போது என் மருமகளிடம் இருக்கிறது. மாலை மாற்றும்போது, ஊஞ்சலில், தாலி கட்டும்போது, எந்தப் படத்திலும் நான் கேமராவைப் பார்க்கவில்லை. முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது, கண் கீழே எங்கோ போகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மருமகள் அதைக் காட்டி, "அந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு என்ன வெக்கம் பாருங்க" என்கிறாள்.

அன்று மாமியின் கழுத்தில் தொங்கிய தோல் உறையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மண்டபத்தில், வாழைக்குலைக்கும் சீர்த்தட்டுகளுக்கும் நடுவில், கீரை தலைநீட்டிக்கொண்டிருக்கும் கூடை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.